வைட்டமின் ஈ கேப்சூல்: வாயில் போடும் முன் பார்க்க வேண்டியவை

பொன்னிறத்தில் பளபளக்கும் அந்தச் சின்ன உருண்டையைப் பார்த்தால் மருந்து என்றே யாருக்கும் தோன்றாது. முடி கொட்டுகிறது என்று ஒருவர், முகம் மினுங்கட்டும் என்று இன்னொருவர், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று வேறொருவர். யாரோ சொன்னார்கள் என்று வாங்கி, தினமும் ஒன்று போட ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டால், "வைட்டமின்தானே, ஜாஸ்தியானா ஒண்ணுக்குல போயிடும்" என்ற பதில் தயாராக இருக்கும். வைட்டமின் சி விஷயத்தில் அது ஓரளவு சரி. வைட்டமின் ஈ கொழுப்பில் கரைவது. உடம்பின் கொழுப்புத் திசுக்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிறுத்திய மறுநாளே வெளியேறிவிடாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது தேவையே இல்லை. தேவைப்படுகிற சிலருக்கு இது நிஜமான மருந்து. அளவு பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டியது. நீங்கள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதற்கும், எடுப்பதாக முடிவானால் ஒழுங்காக எடுப்பதற்கும் இந்தப் படிகள்.

1. எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள்

காகிதமோ போனோ, எதிலாவது எழுதுங்கள். "உடம்புக்கு நல்லதாம்" என்பதைத் தவிர வேறெதுவும் எழுத வரவில்லை என்றால் இத்தோடு நிறுத்திவிடலாம். காரணம் ஏதாவது எழுதியிருந்தால், அதை இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறைபாடு: உண்மையான வைட்டமின் ஈ குறைபாடு அபூர்வம். கொழுப்பைச் செரித்து உறிஞ்ச முடியாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். பித்தநீர் சரியாக இறங்காத நாள்பட்ட கல்லீரல் நோய், க்ரோன்ஸ் நோய், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்திருப்பது போன்றவை காரணமாகலாம். பரம்பரையாக வரும் சில அரிய கோளாறுகளும் உண்டு. கல்லீரலிலிருந்து இந்த வைட்டமினை ரத்தத்துக்கு ஏற்றி அனுப்பும் புரதமே சிலருக்குப் பிறவியிலேயே பழுதாக இருக்கும். குறைபாட்டின் அறிகுறிகள் நரம்பிலும் தசையிலும் தெரியும்: கைகால் மரத்துப்போவது, நடக்கும்போது தள்ளாடுவது, தசை பலவீனம், விழித்திரை பாதித்துப் பார்வை மங்குவது. சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஆல்ஃபா டோகோபெரால் (உடம்பு பயன்படுத்தும் வைட்டமின் ஈ வடிவம்) அளவைப் பரிசோதிக்கலாம். இது ரத்தத்தில் கொழுப்போடு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்யும் என்பதால், கொலஸ்டிரால் கூடுதலாக இருப்பவருக்கு இதன் அளவும் கூடுதலாகவே காட்டும். அதனால் லிப்பிட் பரிசோதனை முடிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும்.

கல்லீரலில் கொழுப்பு: இதற்கு நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது. சர்க்கரை நோய் இல்லாத, கொழுப்போடு கல்லீரலில் அழற்சியும் உறுதியான பெரியவர்களுக்கு இயற்கை வகை வைட்டமின் ஈ தினம் 800 ஐயூ (வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு) வீதம் 96 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கும் கல்லீரல் நிலை தேறியது. ஸ்கேனில் "லேசான கொழுப்பு" என்று வந்ததைப் பார்த்துவிட்டு நாமாக 800 எடுக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு நோயைத் திசுப் பரிசோதனை செய்தே உறுதிப்படுத்தியிருந்தார்கள்.

கண்: வயதானவர்களின் விழித்திரை நடுப்பகுதி தேய்வு நடுத்தர நிலையில் இருந்தால், 400 ஐயூ வைட்டமின் ஈ, வைட்டமின் சி, துத்தநாகம், தாமிரம் முதலானவை சேர்ந்த ஒரு கலவை நோய் முற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது. 2001-இல் வந்த முடிவு இது. கலவையாகத்தான் சோதித்தார்கள், ஈ மட்டும் தனியாக எடுத்தால் அந்தப் பலன் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கண் நன்றாக இருப்பவருக்கு நோயே வராமல் தடுக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

இதயம், புற்றுநோய்: எல்லாரும் பெரிதாக எதிர்பார்த்ததும் இங்கேதான், ஏமாந்ததும் இங்கேதான். 39,876 பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 600 ஐயூ கொடுத்துப் பத்தாண்டு பார்த்த ஆய்வு 2005-இல் முடிவைச் சொன்னது: மொத்தமாகப் பார்த்தால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை, புற்றுநோயும் குறையவில்லை. இந்த இரண்டையும் தடுப்பதற்காக வைட்டமின் ஈ எடுக்க வேண்டாம் என்றே அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் பரிந்துரைத்தது. ஆதாரம் போதாது என்று அந்தக் குழு நழுவவில்லை. வேண்டாம் என்றே சொன்னது.

கர்ப்பம்: ரத்த அழுத்தக் கோளாறு வராமல் தடுக்கும் என்று வைட்டமின் சி-யோடு 400 ஐயூ ஈ-யும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2006-இல் வந்தது. தடுக்கவில்லை. போதாததற்கு, எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன. கர்ப்பத்துக்கான சத்து மாத்திரையில் சிறிதளவு ஈ இருந்தால் கவலை வேண்டாம். தனி கேப்சூலை மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள்.

முடி, முகப்பொலிவு, கால் குடைச்சல்: குறைபாடு இல்லாதவருக்கு இவற்றில் பலன் தரும் என்று நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. முடி கொட்டுகிறவர் முதலில் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பார்ப்பது நல்லது. விடை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கிடைக்கும்.

2. சாப்பாட்டில் ஏற்கெனவே எவ்வளவு வருகிறது?

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் ஆல்ஃபா டோகோபெரால் என்பது அமெரிக்கக் கணக்கு. பாலூட்டும் தாய்க்கு 19. ஐரோப்பாவில் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 11 போதும் என்கிறார்கள். ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதையில், அதாவது சுமார் 28 கிராமில், 7 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே அளவு பாதாமிலும் கிட்டத்தட்ட 7. ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் 5 முதல் 6. வேர்க்கடலையிலும் கீரையிலும் கொஞ்சம் கொஞ்சம். எண்ணெயும் கொட்டைப் பருப்பு வகைகளும் சாதாரணமாகப் புழங்கும் வீட்டில் இலக்கை எட்டுவது பெரிய காரியமில்லை. எட்டாமல் போனாலும் சில மில்லிகிராம்தான் குறையும். அந்தச் சில மில்லிகிராமுக்காக 400 என்று போட்ட கேப்சூலை விழுங்குவது கொசுவை அடிக்க உலக்கையைத் தூக்குவது மாதிரி.

உணவிலிருந்து வரும் வைட்டமின் ஈ-யால் யாருக்கும் தீங்கு வந்ததாகத் தெரியவில்லை. இனி சொல்லப்போகும் எச்சரிக்கைகள் அனைத்தும் மாத்திரையாக வருவதைப் பற்றியவை.

3. நீங்கள் எடுக்கும் மற்ற மருந்துகளை வரிசையாக வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். சத்து மாத்திரை, மூலிகை கேப்சூல், மீன் எண்ணெய் எல்லாம் சேர்த்துத்தான்.

வைட்டமின் ஈ அதிகமானால் ரத்தம் உறைவது தாமதமாகும். இது இரண்டு வழியில் நடக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை இது தளர்த்துகிறது. அத்துடன், உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையிலும் குறுக்கிடுகிறது. சும்மா இருப்பவருக்கே இப்படி என்றால், ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மருந்து எடுப்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைகள் இவற்றில் எது உங்கள் மேசையில் இருந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் ஈ வேண்டாம். வார்ஃபரின் எடுப்பவருக்கு மருத்துவர் சம்மதித்தாலும், தொடங்கியபின் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை வழக்கத்தைவிடச் சீக்கிரமே செய்து பார்க்கச் சொல்வார். மீன் எண்ணெய், பூண்டு கேப்சூல், ஜிங்கோ என்ற மூலிகை போன்றவையும் அதே திசையில் தள்ளுபவை. தினமும் வலி மாத்திரை போடுகிறவரும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கொலஸ்டிராலுக்கு ஸ்டேட்டினோடு நியாசினும் எடுப்பவர்கள்: வைட்டமின் ஈ, சி முதலியவை சேர்ந்த கலவை, நல்ல கொலஸ்டிராலை உயர்த்தும் அந்த ஜோடியின் பலனை மழுக்கிவிட்டது என்று 2001-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள்: கீமோவும் கதிர்வீச்சும் புற்றுச் செல்களைக் கொல்லும் வழிகளில் ஒன்று ஆக்சிஜனேற்றச் சேதம். அதைத் தடுக்கும் பொருளை அதே நேரத்தில் விழுங்கினால் நல்ல செல்லோடு கெட்ட செல்லுக்கும் கவசம் கிடைக்கலாம் என்பதுதான் பயம். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், தினம் 400 ஐயூ எடுத்தவர்களிடையே இறப்பு கூடுதலாகவே இருந்தது. சிகிச்சை முடியும்வரை உங்கள் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் எந்தச் சத்து மாத்திரையும் வேண்டாம்.

உடல் எடையைக் குறைப்பதற்கான ஆர்லிஸ்டாட், கொலஸ்டிராலுக்கான கொலஸ்டிரைமின், மலச்சிக்கலுக்கான மினரல் ஆயில் ஆகியவை எதிர்ப்பக்கம் வேலை செய்யும். வைட்டமின் ஈ உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். எடுத்தாக வேண்டியவர் நேரத்தைத் தள்ளி வைத்து எடுப்பார். எவ்வளவு நேரம் என்பதை மருந்தாளுநர் சொல்வார்.

மருந்தே எடுக்காதவர்களிலும் சிலர் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள், வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், ரத்தம் உறைவதில் பிறவிக் கோளாறு உள்ளவர்கள், வைட்டமின் கே குறைந்தவர்கள், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரைக் கண்நோய் உள்ளவர்கள். இந்தக் கடைசிப் பிரிவினருக்கு 400 ஐயூ கொடுத்தபோது பார்வை இன்னும் வேகமாகக் குறைந்ததாக 1993-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கண்ணுக்கு நல்லது என்று நினைத்து அவர்களே போய் வாங்கும் மருந்தாகவும் இது இருப்பதுதான் வேதனை.

4. லேபிளைத் திருப்பிப் படியுங்கள்

பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் 400-ஐ மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவது வழக்கம். நாம் பார்க்க வேண்டியது பின்பக்கம். அந்த 400 எதைக் குறிக்கிறது? ஐயூவா, மில்லிகிராமா? மில்லிகிராம் என்றால் எதனுடைய மில்லிகிராம்?

முதலில் வகை. ஆல்ஃபா டோகோபெரால் என்ற பெயருக்கு முன்னால் 'டி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் தாவர எண்ணெயிலிருந்து எடுத்த இயற்கை வகை. சில லேபிளில் 'ஆர்ஆர்ஆர்' என்றும் இருக்கும். அந்த எழுத்தோடு 'எல்' சேர்ந்து 'டிஎல்' என்று இருந்தால், அல்லது 'ஆல்-ராக்' என்று இருந்தால், ஆலையில் செயற்கையாகத் தயாரித்தது. இயற்கை உயர்ந்தது, செயற்கை விஷம் என்ற பேச்சு இதில் தேவையில்லை. செயற்கை வகையில் எட்டு வடிவ மூலக்கூறுகள் கலந்திருக்கும். அவற்றில் பாதியைத்தான் உடம்பு வைத்துக்கொள்ளும். அதனால் ஒரே எண் போட்டிருந்தாலும் கிடைக்கும் அளவு மாறும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிறகு கணக்கு. இயற்கை வகையில் ஐயூ எண்ணை 0.67-ஆல் பெருக்குங்கள், செயற்கை வகையில் 0.45-ஆல். வருவது உடம்புக்குப் பயன்படும் ஆல்ஃபா டோகோபெரால், மில்லிகிராமில். 400 ஐயூ இயற்கை என்றால் 268 மில்லிகிராம். 400 ஐயூ செயற்கை என்றால் 180 மில்லிகிராம். ஒரு நாள் தேவை 15 என்று மேலே பார்த்தோம். ஆக ஒரே கேப்சூலில் ஏறத்தாழ பதினெட்டு நாள் தேவை அல்லது பன்னிரண்டு நாள் தேவை அடைத்திருக்கிறது.

லேபிளில் ஐயூ இல்லாமல் 'டிஎல்-ஆல்ஃபா டோகோபெரில் அசிடேட் 400 மி.கி.' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். செயற்கை அசிடேட் ஒரு மில்லிகிராம் என்பதைத்தான் முன்பு ஒரு ஐயூ என்று வைத்திருந்தார்கள். எனவே அதுவும் 400 ஐயூதான். கணக்குப்படி 180 மில்லிகிராம். அசிடேட், சக்சினேட் என்ற வால்கள் கெட்டுப்போகாமல் இருப்பதற்காகச் சேர்த்தவை. குடலில் அவை கழன்றுவிடும்.

இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒரு வேளைக்கான அளவு ஒரு கேப்சூலா இரண்டா என்று. சில பாட்டில்களில் பெரிய எழுத்தில் உள்ள எண் இரண்டு கேப்சூலுக்கானது. பிறகு மற்ற பொருட்கள்: உள்ளே இருக்கும் எண்ணெய் பெரும்பாலும் சோயாவிலிருந்து வந்திருக்கும், சோயா ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டும். மேலுறை ஜெலட்டின் என்றால் அது விலங்கிலிருந்து எடுத்தது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் தாவர உறை போட்டது இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். தயாரிப்பாளரைச் சாராத ஓர் அமைப்பு சோதித்து முத்திரை கொடுத்திருந்தால் கூடுதல் நிம்மதி. உள்ளே இருப்பது லேபிளில் சொன்னதுதான் என்பதற்கு அந்த முத்திரை சான்று. உங்களுக்குத் தேவை என்பதற்கு அல்ல.

5. அளவை முடிவு செய்யுங்கள், உச்ச வரம்பை இலக்காக வைக்காமல்

இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் பெரியவர்களுக்கான உச்ச வரம்பு தினம் 1000 மில்லிகிராம். "நான் எடுப்பது 180-தான், எங்கேயோ கீழே இருக்கிறேன்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளத் தோன்றும். அந்த வரம்பு எலிகளிடம் பார்த்த ரத்தக்கசிவை வைத்துப் போட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு 300 மில்லிகிராம்தான். ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைப் பார்த்தால் இரண்டு வரம்பும் தாராளமாகத்தான் தெரிகின்றன. 2001-இல் 35,533 ஆண்களைச் சேர்த்துத் தொடங்கிய செலக்ட் என்ற ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். புராஸ்டேட் புற்றைத் தடுக்குமா என்று பார்க்கத்தான் தொடங்கினார்கள். கொடுத்தது தினம் 400 ஐயூ செயற்கை வகை, அதாவது அதே 180 மில்லிகிராம். பலனில்லை என்று 2008-இல் மாத்திரையை நிறுத்தினார்கள். தொடர்ந்து கண்காணித்து 2011-இல் சொன்ன முடிவு எல்லாரையும் திடுக்கிட வைத்தது. ஈ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்று 17 சதவீதம் அதிகம். ஏழாண்டுக் கணக்கில், வெற்று மாத்திரை எடுத்த ஆயிரம் பேரில் 65 பேருக்கு வந்தது, ஈ எடுத்த ஆயிரம் பேரில் 76 பேருக்கு. பதினொரு பேர் கூடுதல். பீதியடைய வேண்டிய எண் இல்லைதான். ஆனால் எந்தப் பலனும் இல்லாத இடத்தில் அந்தப் பதினொரு பேரில் ஒருவராக நான் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் 400 ஐயூ கொடுத்து நடத்திய இன்னொரு ஆய்வில், ரத்தக்கசிவால் வந்த பக்கவாதம் வெற்று மாத்திரைக் குழுவில் 23 பேருக்கு, ஈ குழுவில் 39 பேருக்கு. 2005-இல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், 400 ஐயூவும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் இறப்பு சற்றே கூடுவதாகச் சொன்னார்கள். அந்தக் கணக்கை விமரிசித்தவர்கள் உண்டு. அந்த ஆய்வுகள் பலவற்றில் ஏற்கெனவே நாள்பட்ட நோய் உள்ளவர்களே இருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். இதற்கு நேர்மாறாக, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் மட்டும் கொடுத்த பழைய ஆய்வில் புராஸ்டேட் புற்று குறைந்திருந்தது. ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் 400-ஐத் தினமும், ஆண்டுக்கணக்கில், காரணமில்லாமல் எடுக்கலாம் என்று சொல்லும் குரல் மட்டும் அவற்றில் எங்கும் இல்லை.

ஆகவே: மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன அளவு, அவர் சொன்ன நாள் வரை. அப்படி இல்லாமல் உணவில் குறைவதை ஈடுகட்டத்தான் என்றால் 15 மில்லிகிராமை ஒட்டிய அளவு போதும். பல சத்துகள் சேர்ந்த சாதாரண மாத்திரையிலேயே அது இருக்கும். அதை ஏற்கெனவே எடுப்பவர், முடிக்கென்று ஒரு மாத்திரை, கண்ணுக்கென்று ஒரு மாத்திரை என்று சேர்க்கும்போது எல்லாவற்றிலும் உள்ள ஈ-யைக் கூட்டிப் பாருங்கள். கூட்டினால்தான் தெரியும்.

6. எப்படி விழுங்குவது

கொழுப்பு இல்லாமல் இது குடலில் ஏறாது. வெறும் வயிற்றில் காபியோடு போட்டால் பெரும்பகுதி வீண். சிலருக்குக் குமட்டவும் செய்யும். அன்றைய உணவில் எந்த வேளையில் எண்ணெயோ கொட்டைப் பருப்போ முட்டையோ இருக்கிறதோ அந்த வேளையோடு தண்ணீர் குடித்து விழுங்குங்கள். காலையா இரவா என்பது முக்கியமில்லை. தினமும் ஒரே வேளை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், விட்டதை விட்டுவிடுங்கள். கேப்சூலை மெல்லவோ உடைக்கவோ தேவையில்லை. விழுங்க முடியாதவர்களுக்குச் சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. அதற்குரிய அளவுக் குழாயால் மட்டும் அளக்க வேண்டும், சமையலறைக் கரண்டியால் வேண்டாம்.

7. தொடங்கியபின் எதைக் கவனிப்பது

குமட்டல், வயிற்றுப்போக்கு, வயிற்றில் பிடிப்பு, தலைவலி, அசதி, பார்வை கொஞ்சம் மங்கலாகத் தெரிவது இவையெல்லாம் அளவு கூடும்போது வரக்கூடியவை. நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ரத்தம் சம்பந்தமானவற்றுக்குத் தாமதம் கூடாது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், அடிக்கடி மூக்கில் ரத்தம், எங்கே இடித்துக்கொண்டோம் என்றே தெரியாமல் தோலில் நீலத் திட்டு, மாதவிலக்கில் வழக்கத்துக்கு மீறிய போக்கு இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தார் மாதிரி கறுப்பு மலம், சிறுநீரில் ரத்தம், திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் இழுப்பது என்றால் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். வைட்டமின் ஈ எடுப்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். "என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டால் சத்து மாத்திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று சொல்லிவிடுகிறோம்.

அறுவை சிகிச்சை நாள் குறித்தாகிவிட்டால், அல்லது பல் பிடுங்கப் போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே சொல்லுங்கள். ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். கொழுப்பில் தங்குகிற பொருள் என்பதால் முதல்நாள் இரவு நிறுத்திப் பயனில்லை.

8. வாயைத் தவிர வேறு வழியில் வேண்டாம்

கேப்சூலை ஊசியால் குத்திப் பிதுக்கி முகத்தில் தடவும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பிதுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தேன் மாதிரி கெட்டியாக, பிசுக்கென்று ஒட்டும், தடவினால் லேசில் உறிஞ்சாது. விழுங்குவதற்காகச் செய்த செறிவு அது, தோலுக்காகச் செய்ததல்ல. அறுவைத் தழும்பில் வைட்டமின் ஈ தடவிச் சோதித்த ஆய்வு 1999-இல் வந்தது. தழும்பு மறையவில்லை, தடவியவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வந்தது. தடவியே ஆக வேண்டும் என்பவர், தோலுக்கென்று செய்த கிரீமை முழங்கை உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிறகு முகத்துக்குப் போகட்டும். முகப்பரு உள்ள எண்ணெய்ச் சருமத்துக்கு நான் சொல்லவே மாட்டேன்.

மூச்சில் இழுப்பது இதைவிட ஆபத்து. 2019-இல் அமெரிக்காவில் மின்சிகரெட் புகைத்தவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரி வரை மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர். இறந்தவர்கள் மட்டும் 68. கஞ்சாச் சத்து கலந்த திரவத்தைக் கெட்டியாக்கச் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. வயிற்றுக்குள் சாதுவாக இருக்கும் அதே பொருள், நுரையீரலுக்குள் போனபோது உயிரைக் குடித்தது.

9. குழந்தைகள், சேமிப்பு, நிறுத்துவது

குழந்தைகளுக்கான உச்ச வரம்பு மிகக் குறைவு: அமெரிக்கக் கணக்கில் 1 முதல் 3 வயது வரை 200 மில்லிகிராம், 4 முதல் 8 வயது வரை 300. பெரியவர்களுக்கான 400 ஐயூ இயற்கை கேப்சூல் ஒன்றே இரண்டு வயதுக் குழந்தையின் வரம்பைத் தாண்டிவிடும். மிட்டாய் போல இருக்கிற பொருள் வேறு. மூடியை அழுத்தித் திருகித் திறக்கும் பாட்டிலாகப் பார்த்து வாங்கி, எட்டாத உயரத்தில் வையுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தேவையா, எவ்வளவு என்பதெல்லாம் குழந்தை மருத்துவர் முடிவு.

வெயிலும் சூடும் ஈரமும் இதைக் கெடுக்கும். அடுப்புக்குப் பக்கத்திலும் குளியலறை அலமாரியிலும் வேண்டாம். கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால், சிக்கு வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள்.

நீங்களாகத் தொடங்கியிருந்தால், நிறுத்துவதற்கு எந்தச் சடங்கும் இல்லை. படிப்படியாகக் குறைக்க வேண்டாம், இன்றைக்கே விட்டுவிடலாம். உடம்பில் சேர்ந்தது தானாக மெல்லக் குறையும். மருத்துவர் கொடுத்தது என்றால் அவரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். தொடர்கிறவர்கள் போனின் காலண்டரில் மூன்று மாதம் கழித்து ஒரு நாளைக் குறித்து வைத்து, முதல் படியில் எழுதிய அந்த ஒற்றை வரியை அன்றைக்கு எடுத்துப் பாருங்கள். எழுதிய காரணம் இன்னும் இருக்கிறதா, பரிசோதனையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பாட்டிலை வாங்குங்கள்.